நாட்டு மாட்டினம் நிலைக்க: எந்த ஈத்துக்கு எந்தக் காளை?

தமிழ்நாட்டு மாட்டினங்களில் காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகிய நான்கும் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனத்தின் பட்டியலில் இடம் பெற்றவை. தர்மபுரிப் பக்கத்து ஆலம்பாடி, தென் மாவட்டங்களின் மலைமாடு போன்றவையும் உண்டு. இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சு இன்று கிராமத்தைவிடச் சென்னையில்தான் பலமாகக் கேட்கிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் 'நாட்டுப் பசும்பால்' என்று எழுதிய பாட்டிலைத் தேடி வாங்குகிறார்கள். 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் பல நாள்கள் இரவும் பகலும் இளைஞர்கள் உட்கார்ந்தது காளைக்காகத்தான். அந்த ஆர்வம் நல்லதே. ஆனால் பட்டணத்து ஆர்வத்தால் ஒரு பசு கன்று ஈனுவதில்லை. இனம் இருப்பதும் போவதும் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் சிறு விவசாயியின் கொட்டகையில் முடிவாகிறது. அதுவும் பசு பருவத்துக்கு வந்து அவர் ஊசி போட ஓட்டிக்கொண்டு போகும் அந்த ஒரு நாளில் முடிவாகிறது. அந்த நாளைப் பற்றித்தான் இக்கட்டுரை.

விருப்பம் ஏன் மாறியது?

நம் நாட்டு மாடுகள் பாலுக்காக வளர்க்கப்பட்டவை அல்ல. உழைப்புக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. தலைஞாயிறுக்கு அருகிலுள்ள உம்பளாச்சேரி கிராமத்தின் பெயரால் வழங்கும் டெல்டா மாடு, முழங்கால் சேற்றில் சளைக்காமல் உழக்கூடியது. காங்கேயம் மாடு கிணற்றில் கவலை இழுத்தது, பாரவண்டி இழுத்தது. பர்கூர் மாடு மலைச்சரிவில் ஏறி இறங்கியது. புலிக்குளம் மாட்டை மந்தையாக ஓட்டி, அறுவடையான வயலில் கிடை போட்டு எரு வாங்கினார்கள். பாலைக் கன்று குடித்தது போக மிஞ்சியதைத்தான் வீட்டார் கறந்துகொண்டார்கள்.

சென்னை நகரமும் ஒரு காலத்தில் மாட்டின் முதுகில்தான் நடந்தது. மண்ணெண்ணெய் வண்டி, விறகு வண்டி, மாநகராட்சியின் குப்பை வண்டி எல்லாவற்றையும் இழுத்தவை எருதுகளே. மயிலாப்பூர் வீட்டு வாசலுக்கே பசுவை ஓட்டிவந்து, வீட்டம்மாள் பார்க்கக் கறந்து கொடுத்துவிட்டுப் போன பால்காரர்களைப் பெரியவர்கள் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள்.

பின்னர் கிணற்றுக்குப் பம்புசெட் வந்தது. வயலுக்கு டிராக்டரும், சாலைக்கு லாரியும் வந்தன. எருதின் வேலை போனது. அதே காலத்தில் கிராமந்தோறும் பால் கூட்டுறவுச் சங்கம் வந்து, மாடு என்றாலே பால் என்றாகிவிட்டது. சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்குப் பிரீசியன் என்று கலப்பினக் கொள்கை வகுத்ததும் அரசும் எங்களைப் போன்ற விஞ்ஞானிகளுமே. நாட்டு மாடு பிறந்து வளர்ந்த வட்டாரங்களில் அந்தந்த இனத்தையே தேர்ந்தெடுத்து விருத்தி செய்ய வேண்டும் என்பதும் அதே கொள்கையில்தான் இருந்தது. ஆனால் பால் பணம் வந்த வேகத்தில் அந்தப் பகுதியை யாரும் சட்டை செய்யவில்லை. எனவே நாட்டு மாட்டை விவசாயி கைவிட்டார் என்று குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை. பள்ளிக்கூடச் செலவும் சங்கக் கடனும் அவருக்குத்தானே இருக்கிறது!

விளைவு என்ன? 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, முந்தைய 2012 கணக்கைவிட நாடு முழுவதும் அயலின, கலப்பின மாடுகள் சுமார் 27 சதவீதம் கூடின. நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்தன. காங்கேயத்தின் கதை இன்னும் கடுமையானது. 1990-இல் பதினொன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி இருந்த இந்த இனம், 2000-இல் ஐந்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். பத்தே ஆண்டில் பாதிக்கும் மேல் போய்விட்டது.

மாடு இருக்கும்போதே இனம் போகிறது

இந்த மாடுகள் எல்லாம் நோயில் செத்துவிட்டனவா, அடிமாட்டுக்குப் போய்விட்டனவா என்றால், சில அப்படிப் போயின. பெரும்பகுதி போனது வேறு வழியில். பசு காங்கேயமாகவே கொட்டகையில் நிற்கும். அதன் வயிற்றில் மட்டும் ஜெர்சிக் கன்று. அது கிழடானதும் கொட்டகையில் மிஞ்சுவது கலப்பினம் மட்டுமே.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். காங்கேயம் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டுப் பிறக்கும் கிடேரியில் பாதி காங்கேயம், பாதி ஜெர்சி. அந்தக் கிடேரிக்குக் காங்கேயம் காளையைச் சேர்த்தால் பிறக்கும் கன்றில் முக்கால் பங்கு காங்கேயம். அதன் மகளுக்கும் காங்கேயமே சேர்த்தால் எட்டில் ஏழு பங்கு. அதற்கும் மகள் பிறந்தால் பதினாறில் பதினைந்து பங்கு. நாட்டுக் கிடேரி முதல் கன்று ஈன மூன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகும். ஆக, ஒரு ஊசியில் போனதை ஓரளவு திரும்பக் கொண்டுவருவதற்கே பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கிறது. அதுவும் ஒவ்வொரு தடவையும் பெண் கன்றாகப் பிறந்தால்தான்.

அப்படியானால் கலப்பின ஊசியே கூடாதா? அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. நான் சொல்வது ஒரு பங்கீடு.

ஒரு நாட்டுப் பசு தன் ஆயுளில் ஆறு ஈத்தாவது ஈனும் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பேணினால் அதற்கு மேலும் ஈனும். அந்தப் பசு சாவதற்குள் தன் இடத்துக்கு ஒரு நல்ல கிடேரியை விட்டுப் போனால் அந்தக் கொட்டகையில் இனம் நிற்கும். கன்றுகளில் பாதி காளை, பாதி கிடேரி. எனவே ஒரு கிடேரிக்குக் குறைந்தது இரண்டு ஈத்து வேண்டும். கன்றிலேயே இறப்பவை, சினை பிடிக்காமல் போகிறவை ஆகியவற்றைக் கழித்தால் மூன்று ஈத்து வேண்டும். ஆகவே ஆறில் மூன்று ஈத்தைச் சொந்த இனக் காளைக்கு ஒதுக்குங்கள். அந்த மூன்றும் முதல் மூன்றாக இருக்கட்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இடையில் கல்யாணச் செலவுக்கு மாட்டை விற்க நேர்ந்தால் இனம் அங்கேயே முடிந்துவிடும். தன் இனக் கிடேரி ஒன்று கையில் வந்து, அது சினையும் ஆனபின், தாய்ப்பசுவுக்குப் பால் வருமானத்தை எண்ணி ஜெர்சி ஊசி போட்டால் அதைக் குறை சொல்லமாட்டேன்.

இப்போது கிடேரிக் கன்றே பெரும்பாலும் பிறக்கும்படி பிரித்தெடுத்த உறைவிந்தும் வந்திருக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடேரி பிறக்கும் என்று சொல்லலாம். சாதாரண ஊசியைவிடச் சினை பிடிப்பது சற்றுக் குறைவு. உங்கள் இனத்துக்கு அது கிடைக்குமானால் மூன்று ஈத்துக்குப் பதில் இரண்டு போதும். கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள்.

நாட்டு மாடு கட்டுமா?

பயிற்சிக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது.

பத்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் நான்கு கிலோ, ஆக ஐந்தரைக் கிலோ அடர்தீவனம் தேவை. அதற்கு மேல் தினமும் 20 கிலோவுக்குக் குறையாத பசும்புல், வைக்கோல், நிழல், தண்ணீர். காங்கேயமோ உம்பளாச்சேரியோ கன்றுக்குப் போக இரண்டு, இரண்டரை லிட்டர் கொடுத்தால் நல்ல பசு. பகலில் மேய்ந்துவிட்டு வந்தால் மாலையில் ஒன்று, ஒன்றரைக் கிலோ தவிடும் பிண்ணாக்கும் போதும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். கிணற்றுப் பாசனத்தில் தீவனப்புல்லும், பக்கத்திலேயே பால் சங்கமும், வீட்டில் ஆள்கட்டும் இருந்தால் கலப்பினமே கூடுதலாகத் தரும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் சென்னைக்குப் பால் அனுப்பிப் பிழைக்கும் விவசாயியிடம் இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

மானாவாரி நிலமும் மேய்ச்சலும் உள்ள இடத்தில் கணக்குத் தலைகீழாகும். காங்கேயம் வட்டாரத்துக் கொரங்காடு இதற்கு நல்ல உதாரணம். முள்கிளுவை வேலி அடைத்து, நடுவில் வெள்வேல மரங்களை விட்டு, கீழே கொழுக்கட்டைப் புல் வளர்த்த மேய்ச்சல் காடு அது. மழை குறைந்த ஆண்டிலும் அங்கே ஏதாவது மேயக் கிடைக்கும், வெள்வேலங்காய் உதிரும். அந்தக் காட்டில் ஜெர்சிக் கலப்பைக் கட்டி வளர்க்க முடியாது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பெயர் வாங்கிய மந்தையும் இந்தக் காட்டில் நின்றதுதான். கொரங்காட்டை உழுது வேறு பயிர் வைத்தாலோ மனை போட்டு விற்றாலோ காங்கேயம் மாட்டுக்கு அங்கே வேலையில்லை.

பர்கூர் மாட்டின் கதி இதேபோல் காட்டை நம்பி இருக்கிறது. காடுகளில் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. 2024 ஜனவரியில் ஈரோடு மாவட்டத்துக் காடுகளில் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மலையில் பட்டி வைத்திருப்பவர்கள் கவலைப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமைக்கும் இடம் உண்டு. அதைக் கிராமசபை மூலம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

டெல்டாவில் நிலைமை வேறு. அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோலைக் கட்டாகக் கட்டி லாரியில் வெளியூருக்கு ஏற்றிவிடுகிறார்கள். கட்டை விற்றுவிட்டு மாட்டுக்குத் தீனி இல்லை என்று சொல்வதை நானே பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். உம்பளாச்சேரிப் பசு வைத்திருப்பவர்கள் விற்பதற்கு முன் ஆண்டுத் தேவையை ஒதுக்கிவைப்பது நல்லது. ஒரு மாட்டுக்குத் தினம் நான்கு, ஐந்து கிலோ என்று கணக்கிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டு மாட்டுக்கு நோயே வராது என்ற பேச்சை நம்பித் தடுப்பூசியைத் தவிர்க்காதீர்கள். வெயிலையும் உண்ணியையும் அது நன்றாகத் தாங்கும், உண்மை. ஆனால் 2022-இல் தோல் கழலை நோய் வந்தபோது ராஜஸ்தானிலும் குஜராத்திலும் நாட்டு மாடுகளும் ஏராளமாக மாண்டன. கோமாரித் தடுப்பூசியும் எல்லா மாட்டுக்கும் வேண்டும்.

பட்டணத்துப் பால் பாட்டில்

சென்னையில் நாட்டுப் பசும்பால் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் விற்கிறது. இதைப் பார்த்துச் சிலர் கடன் வாங்கிக் குஜராத்திலிருந்து கிர் பசுவை லாரியில் கொண்டுவருகிறார்கள். கிர் நல்ல இனம், நாட்டு மாட்டில் அதிகம் கறப்பதும் கூட. ஆனால் அது கத்தியவார் நாட்டு மாடு. அடையாற்றில் கிர் பால் விற்றால் அடையாற்றுக்காரர் திருப்தியாகக் குடிப்பார். அதனால் ஒரு காங்கேயம் கன்றுகூடக் கூடுதலாகப் பிறக்காது. உங்கள் உம்பளாச்சேரிப் பசுவுக்குக் கிர் ஊசி போட்டாலும் அது கலப்புதான். திமில் இருப்பதாலேயே எல்லாம் ஓரினம் ஆகிவிடாது.

'ஏ-2' என்ற முத்திரையை நம்பியும் முதலீடு செய்ய வேண்டாம். 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த வாசகத்தைப் பால் பொருள்களிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. சில நாளிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. இப்படி ஆடும் முத்திரை மீது மாட்டுக்கடன் வாங்கலாமா? பட்டணத்து விலை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தினம் இரண்டு லிட்டர் கறக்கும் ஒருவரால் சென்னைக்குப் பால் அனுப்ப முடியாது. பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்தால்தான் ஒரு கேன் நிரம்பும். அப்போதும் பாலைவிட நெய்யாக அனுப்புவது சுலபம், வழியில் கெடாது.

காளை எங்கே?

ஊசிக்கு இவ்வளவு சொன்னேன். ஊசிக்கும் ஒரு காளை வேண்டுமே! இனம் குறையும்போது முதலில் அருகிப்போவது பொலிகாளைதான். பசு பால் தருகிறது, எருது வண்டி இழுக்கிறது. பொலிகாளை தின்றுவிட்டு நிற்கிறது என்று நினைத்துக் காளைக் கன்றை விற்றுவிடுகிறார்கள், அல்லது காயடித்துவிடுகிறார்கள். கோயில் காளை விடும் வழக்கமும் பல ஊர்களில் நின்றுபோனது.

சல்லிக்கட்டுக்கும் இதற்கும் உள்ள உறவு பலருக்கும் தெரிந்ததே. 2011-இல் மத்திய அரசு காளையை வித்தை காட்டக் கூடாத விலங்குகள் பட்டியலில் சேர்த்தது. ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருக்க 1962-இல் அமைந்து, 2018 வரை சென்னையிலேயே தலைமையகம் வைத்திருந்த விலங்குகள் நல வாரியம் தொடுத்த வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மெரினாவில் கூட்டம் கூடிய 2017 ஜனவரியிலேயே மாநிலச் சட்டம் வந்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அச்சட்டம் செல்லும் என்றது. தடைக்கு முன்னும் பின்னும் சல்லிக்கட்டால் ஒரு நன்மை உண்டு: காளைக் கன்றுக்கு விலை இருக்கிறது. அதற்காகவே புலிக்குளம், காங்கேயம் காளைகளைக் காயடிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் வாடிவாசலில் பேர் வாங்கிய காளையை ஊர்ப் பசுக்களுக்குச் சேர்க்காமல் கட்டியே வைத்தால் இனத்துக்கு அதனால் பயன் ஏது? காளை வளர்க்கும் இளைஞர்கள் பருவத்துக்கு வந்த ஊர்ப் பசுக்களுக்கு முன்வந்து காளை விட வேண்டும். சில காளைகள் மட்டும் புகழ் பெற்று எல்லோரும் அவற்றையே தேடுவதும் ஆபத்து. ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

ரத்த உறவில் சேர்க்கக் கூடாது

ஓர் ஊரில் ஒரே காளை ஆறேழு ஆண்டு நின்றால், அதன் மகள்களே பருவத்துக்கு வந்து அதனிடமே சேரும். தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்றில், மரபுக் கூறுகளில் கால் பங்கு இரண்டு பக்கமும் ஒரே வழியிலிருந்து வந்ததாக அமைந்துவிடும். ஒரு தகப்பனுக்குப் பிறந்த அக்காள் தம்பி சேர்ந்தால் எட்டில் ஒரு பங்கு. இதனால் கன்று சிறுத்துப் பிறக்கும், கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாகும், சினை நிற்காது. இனம் அழிகிறது என்று பயந்து பத்துப் பசுவும் ஒரு காளையும் வாங்கித் தனியே மந்தை கட்டும் நல்லவர்களும் இந்தத் தவற்றில் விழுகிறார்கள். சென்னையிலிருந்து போய்ப் பண்ணை நிலம் வாங்கியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

சென்னை மாகாணத்து நெல்லூர், குண்டூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் பிரேசிலுக்குப் போன ஓங்கோல் மாடு, அங்கே 'நெல்லோர்' என்ற பெயரில் பெருகி நாடு முழுவதும் நிறைந்திருக்கிறது. அங்கே எந்தக் கன்றுக்கு எந்தக் காளை தகப்பன் என்று பரம்பரைப் பதிவேடு எழுதுகிறார்கள். நம் ஊரில் அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். பசுவின் காதில் போட்டிருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண், சேர்த்த தேதி, காளை யாருடையது, கன்று ஈன்ற தேதி, கன்று ஆணா பெண்ணா. ஊசி போட்டால் அந்தக் குச்சியின் மேலேயே இனமும் காளை எண்ணும் அச்சாகியிருக்கும். மருத்துவர் ஊசி போடும்முன் கேட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 'நாட்டு மாட்டு ஊசிதான்' என்ற வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

ஐம்பது, அறுபது பசுவுக்கு ஒரு பொலிகாளை போதும். தனியாக ஒருவர் வைத்துத் தீனி போடுவது சிரமம். பசு வைத்திருப்பவர்கள் சேர்ந்து, சேர்க்கை ஒன்றுக்கு இவ்வளவு என்று காளைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கேட்டால் அடுத்த ஆண்டு காளை இருக்காது. மூன்று வயது நிரம்பிய காளையாகப் பார்த்து, நல்ல கறவைத் தாயின் மகனாகத் தேர்ந்தெடுங்கள். கொம்பையும் திமிலையும் பார்ப்பவர்கள் தாயின் மடியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு சேர்க்கைக்கு மேல் வேண்டாம். சேர்க்கத் தொடங்கும் முன் கருச்சிதைவு நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த நோய் இருக்கும் காளை ஊரையே கெடுத்துவிடும். கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் அதற்கான தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும்.

ஊருக்கு வந்து மூன்று ஆண்டு ஆனதும், அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன், பக்கத்து ஊர்க் காளையோடு மாற்றிக்கொள்ளுங்கள். விற்க வேண்டியதில்லை. இருபது மைல் தள்ளியுள்ள ஊரோடு மாற்றினாலே போதுமான அளவு ரத்தம் மாறும். கண்ணபுரம் மாட்டுச் சந்தை, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தை போன்ற இடங்களில் இதற்கு ஆள் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு குறிப்பு. நாட்டுப் பசுக்களில் பருவ அறிகுறி கலப்பினத்தைப் போல் உரக்கத் தெரியாது. கத்தாமலே பருவம் வந்து போவதும் உண்டு. அதனால்தான் பலர் 'நாட்டு மாட்டுக்கு ஊசி நிற்காது' என்கிறார்கள். கன்று ஈன்ற இரண்டு மாதத்திலிருந்து காலையும் மாலையும் வாலடியைப் பாருங்கள். கண்ணாடி போன்ற சளி வடிந்தாலோ, மற்ற மாடு மேலே ஏற அசையாமல் நின்றாலோ அதுவே நேரம். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சேர்க்கலாம். தவறினால் 21 நாள் கழித்து மறுபடி பார்க்கத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.